குளிர்ச்சட்டை

தையற்காரி சரீபா லண்டனிலுள்ள மகளிடம் போக இருந்தாள்.

"ஊர்ல ஒருத்திட்டயும் இல்லாத மாதிரி குளிர்ச்சட்டை ஒண்டு தெச்சுத் தா புள்ள. லண்டன்ல போடத்தானே, நல்லதையெல்லாம் எடு."

தன்னிடம் வேலை செய்யும் நுஸ்ஹாவிடம் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். உள்ளே பல வருடமாகச் சேர்த்த பட்டு, ஜரிகை, மருதமுனைக் கைத்தறித் துண்டுகள்.

நுஸ்ஹா கரையும் பூவும் சிதையாமல் வெட்டி ஒட்டுப்போட்டாள். உள்ளே பஞ்சு வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

பயணம் சொல்லும் நாளுக்குத் தெருப் பெண்களையெல்லாம் நுஸ்ஹாவே அழைத்தாள்.

"போட்டுக் காட்டுங்க ராத்தா. எல்லாரும் பாக்கட்டும்."

கல்முனை வெயிலிலும் சரீபா பெருமையாகப் போட்டுக்கொண்டாள். "தெரிஞ்சோ தெரியாமலோ பிழை செஞ்சிருந்தா மாப்புச் செய்ங்க" என்று ஒவ்வொருவராகக் கட்டித் தழுவினாள்.

அடுத்த வீட்டு றுஸ்தா பிடித்த தோளை விடவில்லை. "இது என்ட கலியாணச் சாரித் துண்டு! துணி பத்தல்லெண்டுதானே சொன்னீங்க?"

"இந்தக் கை என்ட மகள்ட பெருநாள் உடுப்பு!" என்றாள் இன்னொருத்தி.

சரீபா விறைத்துப்போய் நுஸ்ஹாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க மாப்புச் செஞ்சாலும் செய்வாங்க ராத்தா. நடு நெஞ்சில இருக்கிறது மௌத்தாப் போன எங்கட உம்மாட சாரி. நான் செய்யமாட்டன். கழட்டுங்க."