முகத்துக்கு நேரே ஓர் ஓட்டு

கெண்டக்கியில் கர்னல் தோர்ன்பரியின் பழைய மாளிகையைப் பார்க்க வந்த கூட்டத்தை, வழிகாட்டிப் பெண் டெல்லா வாசல் படியருகே நிறுத்தினாள். படிமேல் பழங்கால உடுப்பில் இருவர் நின்றார்கள். ஒருவர் கர்னல் வேடம். மற்றவர் அவரைத் தேர்தலில் எதிர்த்த ரீட் வேடம்.

"அந்தக் காலத்துல ஓட்டுச்சீட்டே கிடையாது. வேட்பாளர் மூஞ்சிக்கு நேரா நின்னு, யாருக்குன்னு சத்தமா சொல்லணும். பொம்பளைங்களுக்கு ஓட்டில்ல. இன்னைக்கு உண்டு, வாங்க."

தோரணையிலும் குரலிலும் கர்னலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏறியவர்கள் எல்லாரும் "தோர்ன்பரி" என்றார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொல்லி, ஒரு குவளை ஆப்பிள் சாறு கொடுத்தார்.

கடைசியாக, கூட்டத்தோடு வந்திருந்த வெர்னா ஏறினாள். கர்னல் குவளையை நிரப்பித் தயாராக நீட்டினார். அவர் கண்ணைப் பார்த்து அவள் நிதானமாகச் சொன்னாள்.

"ரீட்."

நீட்டிய குவளை அந்தரத்திலேயே நின்றது. கூட்டம் சிரித்தது.

"பாவம் மேடம், அவர் முகமே செத்துப்போச்சு. அப்படி என்ன கோபம்?" என்றாள் டெல்லா.

"ஊர் ரோட்டையெல்லாம் சரிபண்றேன்னு வாக்கு குடுக்கிறார். பின்வாசல் படி ஈஸ்டர்லேர்ந்து உடைஞ்சு கிடக்கு. நான் தினம் தாண்டித்தான் போறேன்."

"இங்க பின்வாசல் படி நல்லாத்தானே இருக்கு?"

"எங்க வீட்டுப் படிம்மா. இவர் என் வீட்டுக்காரர். வர்ற செவ்வாய்க்கிழமை மேயர் தேர்தல்ல நிஜமாவே நிக்கிறார். அங்க ஓட்டு ரகசியமாம். நான் யாருக்குப் போட்டேன்னு இவருக்குத் தெரியாமலே போயிடுமில்ல? அதான் டிக்கெட் வாங்கிட்டு வந்தேன்."