கடைசியாகப் போகிறவர்

இருந்தவர்கள் ஐந்து பேர். துறைத்தலைவர் தணிகைவேல். உதவிப் பேராசிரியை ஃப்ளாரன்ஸ். ஜன்னலோரம், சாவிக்கொத்தோடு அட்டெண்டர் கோதண்டம். முதுகலை இரண்டாமாண்டு மாணவன் ஜெயசீலன்.

அவள்.

நடுவில் ஒரு களிமண் சிலை. கழுத்தெலும்புக்குக் கீழே விண்டிருந்தது. ஒரு தோள் தரையில் கிடந்தது.

சிற்பத் துறைச் சுவரில் ஒட்டிய விதிகள் பதினொன்று. அடுத்தவர் உளியை எடுக்காதே. அடுத்தவர் வேலையில் கை வைக்காதே. ஆசிரியர் வந்தால் எழுந்து நில். யாரும் படிப்பதில்லை.

ஒட்டாத விதி ஒன்று உண்டு. அதை மட்டும் யாரும் மீறியதில்லை.

கடைசியாகப் போகிறவர், காய்ந்து வெடிக்காமலிருக்க எல்லோருடைய மண்ணுக்கும் ஈரத்துணி போட்டுவிட்டுப் போக வேண்டும். பேச்சுவார்த்தை அறுந்தவன் மண்ணாக இருந்தாலும்.

வெள்ளிக்கிழமை கடைசியாகப் போனவள் அவள். நோட்டில் கையெழுத்து இருக்கிறது. ஒன்பது சிலைகளின் துணி நனைந்திருந்தது. பத்தாவது, ஜெயசீலனுடையது, திறந்து கிடந்தது. அதன் தலைக்கு மேல் மின்விசிறி, முழு வேகத்தில், திங்கட்கிழமை காலை வரை.

"மறந்துட்டியாம்மா?" என்றார் தணிகைவேல்.

"இல்ல சார்."

"அப்ப வேணும்னே செஞ்சிருக்க. என்ன, பொறாமையா?"



"மூணு மாச வேலை சார்," என்றார் கோதண்டம். "பையன் மதியம் சோத்துக்குக்கூடப் போமாட்டான்."

ஜெயசீலன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

மூன்று மாதமும் அவன் அதை மூடியே வைத்திருந்தான். தேர்வுக்கு முன் காட்டமாட்டேன் என்றான். விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் துணிக்கு மேலேயே தண்ணீர் தெளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் அப்படியில்லை. பிரித்து, நனைத்து, பிழிந்து, திரும்பச் சுற்றுகிறவள்.

வெள்ளிக்கிழமை அதையும் பிரித்தாள்.

உள்ளே அவளே இருந்தாள்.

கழுத்து வரை அவள். அதற்குக் கீழே, துணியில்லாத ஓர் உடம்பு. அது முழுக்க அவன் கற்பனை.

அவள் யாருக்கும் மாடலாக உட்கார்ந்ததில்லை. அவனோடு பேசியதே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் கம்பி வெட்டும் குறடு கேட்டு.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். விசிறியைப் போட்டாள். நோட்டில் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது எல்லோரும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

தணிகைவேல் தீர்ப்பைச் சொன்னார். துறையில் எப்போதும் உள்ளதுதான். கெடுத்தவர் கூட நின்று கட்டிக்கொடுக்க வேண்டும்.

"வியாழக்கிழமை எக்ஸாமினர் வர்றாரு. அதுவரைக்கும் இவனுக்கு மண்ணு பிசைஞ்சு குடு. தோளத் தூக்கி நிறுத்து. முடியாதுன்னா உன் வேலைய நான் தேர்வுக்கு வைக்கமாட்டேன்."

அது தன் முகம் என்று சொல்லிவிட்டால், மாலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். கழுத்துக்குக் கீழே பார்க்க வரிசை கட்டி வருவார்கள். சொல்லாவிட்டால், வியாழக்கிழமை எப்படியும் பார்ப்பார்கள். அதற்கான மண்ணை அவளே பிசைந்து கொடுத்திருப்பாள்.

"மாடல் யாருப்பா? திரும்ப வரச்சொல்லு," என்றார் தணிகைவேல்.

"மாடல் இல்ல சார். கற்பனைதான்."

அவள் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்து வந்தாள். சிலைக்குப் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள். சிலை திரும்பியிருந்த பக்கமே தன் முகத்தையும் திருப்பினாள்.

"கண்ணு சரியா வரல சார். பாத்துத் திருத்தச் சொல்லுங்க."



ஃப்ளாரன்ஸ் மண்ணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி மண்ணை. கொடியிலிருந்த துணியை உருவி சிலையின் கழுத்துக்குக் கீழே சுற்றினார். காய்ந்த துணி. யாரும் அதை நனைக்கச் சொல்லவில்லை.

கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏம்ப்பா," என்றார் தணிகைவேல். குரல் இறங்கியிருந்தது. "அவளக் கேட்டியா?"

"சார், அது பயிற்சிக்குப் பண்ண வெறும் ஸ்டடிதான் சார்..."

ஃப்ளாரன்ஸ் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அவன் உளிப்பெட்டியை எடுக்கக் குனிந்தான்.

"அது இருக்கட்டும்," என்றார் ஃப்ளாரன்ஸ்.

அவன் போனான். வாசலில் ஒருமுறை நின்றான். அவள் இன்னும் முகத்தைத் திருப்பவில்லை.

ஃப்ளாரன்ஸ் கதவைச் சாத்தினார். கோதண்டத்திடம் கை நீட்டிச் சாவியை வாங்கி, இனி யாரும் பார்க்க வராதபடி உள்ளிருந்து பூட்டினார்.