இடது கையால் வாங்கியவன்

“முதல் நாளே என் மக தோள்ல கை போடுறான், பார்த்தியா?” மருதமுத்துவுக்குக் கண் சிவந்துவிட்டது.

“எங்கங்க?” என்று அவர் மனைவி மலர்க்கொடி அண்ணாந்து பார்ப்பதற்குள், ரோலர் கோஸ்டர் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

தங்கா பத்து என்ற ஊரின் கடற்கரைத் திடலில் ராட்டினங்களோடு ஃபன்ஃபேர் போட்டிருந்தார்கள். ‘பலகாரத் தட்டோட குனிஞ்சு நிக்க மாட்டேன், பொண்ணு பார்க்குறதா இருந்தா அங்க வரச் சொல்லுங்க’ என்று மகள் தேவிஸ்ரீ பிடித்த பிடிவாதத்தில், செர்காமிலிருந்து புவனேஷும் அவன் அம்மா ஜெயமணியும் வந்திருந்தார்கள். வந்தவனை ரோலர் கோஸ்டருக்கு இழுத்துக்கொண்டு போனதும் தேவிஸ்ரீதான்.

விளம்பரப் படத்தில் மேகத்தைத் தொட்ட வண்டி, நேரில் ஒரு மாமரத்து உயரம்கூட இல்லை. ஆனால் போட்ட ஆட்டம் இருக்கிறதே! எஸ்டேட் செம்மண் ரோட்டில் டிராக்டர் போவது போலத் தடதடத்து, பாதியில் நின்று, யாரோ எட்டி உதைத்த மாதிரி மறுபடி கிளம்பியது.

இறங்கியவர்கள் எல்லாரும் பின்னந்தலையைத் தடவிக்கொண்டே திட்டினார்கள்.

“இதுக்கா டிக்கெட்டு? மண்டை உடையாதது ஒன்னுதான் குறை லா!”

தேவிஸ்ரீ மட்டும் சிரித்துக்கொண்டே வந்தாள். “சுத்த வேஸ்ட்டும்மா. பயத்துல நான் கண்ணையே தொறக்கல. ஆனா தலையெல்லாம் வலிக்கல, சீட்டு பின்னாடி மெத்துன்னுதான் இருந்துச்சு.”

மருதமுத்து அவளைத் தனியே இழுத்தார். “தோள்ல கை போட்டானா?”

“ஐயோ அப்பா! தோள்ல படவே இல்ல.”

“நான் என் கண்ணால பார்த்தேன்.”

“எனக்குப் புடிச்சிருக்குப்பா. வரிசையில நிக்கும்போது நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இதுவரைக்கும் பார்க்க வந்தவங்கள்ல யாரு கேட்டா?”

மருதமுத்து லோரி ஓட்டிப் பிழைக்கிறவர்தான், ஆனால் மரியாதை விஷயத்தில் மட்டும் அவரிடம் பேரம் கிடையாது. பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் குனிந்து, வலது கையால் வாங்க வேண்டும். இல்லையென்றால் அவன் மனிதனே இல்லை.

பையனைச் சோதித்துவிடலாம் என்று, தேங்காய் ஷேக் வாங்கி வந்து தன் கையாலேயே நீட்டினார்.

புவனேஷ் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, இடது கையால் வாங்கிக்கொண்டான். “தேங்க்ஸ் அங்கிள்.”

மருதமுத்துவுக்குச் சுருக்கென்றது.

“டேய், பெரியவங்ககிட்ட பீச்சாங்கையிலயா வாங்குவ?” என்று ஜெயமணியே பதறிவிட்டாள்.

“மறந்துட்டேன்மா” என்றான். அப்போதும் பைக்குள் இருந்த கை வெளியே வரவில்லை.

ஜெயமணி அவசரமாகப் பேச்சை மாற்றினாள். “எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு அண்ணே. நான் ரொம்ப சகுனம் பார்க்குறவ. போன மாசம் தஞ்சோங் கிளிங்ல ஒரு பொண்ணு பார்க்கப் போனோம். வழியிலயே டயர் பஞ்சர். அந்தப் பொண்ணே வேணாம்னு அப்படியே திரும்பிட்டேன். இன்னிக்கு ஒரு தடங்கலும் இல்ல பாருங்க!”

“நான் காரை எடுத்துட்டு வரேன்மா” என்று புவனேஷ் நழுவினான்.

மலர்க்கொடி கணவரின் காதோரம் வந்தாள். “என்னாங்க சொல்லப் போறீங்க?”

“முடியாதுன்னுதான். கொழுப்பு புடிச்ச பய! அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல. அவன்கிட்டயே சொல்லிட்டு வரேன்.”

அது காதில் விழுந்ததும் தேவிஸ்ரீயின் முகம் செத்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதது போல நடந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் புவனேஷ் கதவோரம் குனிந்து நின்றிருந்தான். போத்தல் தண்ணீரை வலது கையில் ஊற்றிக்கொண்டிருந்தான். புறங்கை வீங்கிக் கன்றிப் போயிருந்தது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பக்கத்தில் நனைந்த கைக்குட்டை கிடந்தது.

“என்னாப்பா இது?”

அவன் திடுக்கிட்டுக் கையை மறைத்தான். “ஒன்னுமில்ல அங்கிள்.”

“காட்டு. எப்படி ஆச்சு?”

“உங்க மக சீட்டுல பின்னாடி மெத்தை கிழிஞ்சுபோயி இரும்பு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வண்டி கெளம்புன பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தலை அதுல போயி இடிக்கும் போல இருந்துச்சு. அதான் கையைக் குறுக்க...”

மருதமுத்து அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கையைத்தான் அவர் கீழே நின்று பார்த்துக் கொதித்திருந்தார்.

“இதைச் சொல்றதுக்கு என்னாப்பா? வா, மொதல்ல உங்கம்மாகிட்ட காட்டுவோம்.”

“ஐயோ, வேணாம் அங்கிள்!” அவன் அவரை வழிமறித்தான். “டயர் பஞ்சரானதுக்கே அந்தப் பொண்ணை வேணாம்னவங்க. பொண்ணு பார்க்க வந்த எடத்துல ரத்தம்னு தெரிஞ்சா, உங்க மகளை ராசியில்லாதவன்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்க. அதுக்கு, நீங்க என்னை மரியாதை தெரியாதவன்னு நெனைச்சாலும் பரவால்ல.”

தூரத்தில் பேச்சுக் குரல் கேட்டது. ஜெயமணி இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள், பின்னால் மலர்க்கொடியும் தலை குனிந்தபடி தேவிஸ்ரீயும்.

மருதமுத்து சட்டென்று கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். “உள்ள ஏறி ஒக்காருங்க. வழியில கிளினிக் இருக்கு” என்று முணுமுணுத்தார்.

“என்னா அண்ணே, சாவி உங்க கையில இருக்கு?” என்றாள் ஜெயமணி.

“மாப்பிள்ளை காரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை வந்துருச்சு தங்கச்சி! நீங்க இவங்களோட எங்க கார்ல வாங்க, மக ஓட்டுவா. வீட்டுல சாப்பிட்டுட்டுதான் போகணும்.”