அக்கான் ராஜாவின் குடை

அக்கான் நாட்டு ராஜா ஒருவரிடம் ஒரு குடை இருந்தது. அவர் எந்த ஊரை ஜெயித்தாலும் அந்த ஊர்த் தலைவர் தன் சால்வையில் ஒரு துண்டு கிழித்துத் தரவேண்டும். அதைக் குடையின் ஓரத்தில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

குடைக்குத் தலைகால் புரியவில்லை. "என் நிழல் எங்கே முடிகிறது, சொல்லு பார்க்கலாம்" என்று அரண்மனை முரசைத் தினமும் கேட்கும்.

"முடிவதே இல்லை, மகாபிரபு" என்று முரசு முழங்கும். அதற்கு அதுதான் வேலை.

குடை பெரிதாகப் பெரிதாக, அதைத் தூக்குவதற்கு, தோற்ற ஊர்க்காரர்களையே கூட்டிவந்தார்கள். 'எல்லாம் நம் ஆட்கள்' என்று குடை பூரித்தது.

ஒருநாள் கடற்கரைப் பக்கம் புதிதாக வந்திறங்கிய படையின் பீரங்கி வெடித்தது. தூக்கியவர்கள் குடையை இறக்கிவைத்து, அவரவர் ஊர்த் துண்டை நிதானமாகத் தையல் பிரித்து எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியது ராஜாவின் சொந்தத் துணி, கைக்குட்டை அளவு. ராஜா முதல்முறையாக வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கினார்.

குடை தன் வெறும் குச்சிகளுக்கு நடுவே நீலமாகத் தெரிந்ததைப் பார்த்தது. "வானத்தையும் ஜெயித்துவிட்டோம் போலிருக்கிறது. பார், என் ஓரத்தில் தைத்திருக்கிறார்கள்."

"ஆமாம், மகாபிரபு" என்று முழங்கிய முரசு, பீரங்கிச் சத்தம் வந்த பக்கமாக மெல்ல உருண்டுகொண்டிருந்தது.