விழாதவனுக்குப் பரிசு

விமானத்தின் கதவு திறந்துதான் இருந்தது. கொளஞ்சியின் கைதான் திறக்கவில்லை.

கதவோரத்துக் கம்பியை அது கவ்விக்கொண்டிருந்தது. கீழே பதிமூன்றாயிரம் அடி. அதற்கும் கீழே பாலைவனம்.

அவன் முதுகோடு நான்கு கொக்கிகளில் பிணைந்திருந்தவள் கிளாடிஸ். குதிக்கக் கற்றுத்தருபவள். தூத்துக்குடிக்காரி. காலையெல்லாம் அவனைக் குப்புறப் படுக்கவைத்துப் பழக்கியிருந்தாள். உடம்பை வில்லாக வளை. இரண்டு கையையும் மார்பில் வை. தரையில் எல்லாம் நன்றாகத்தான் வந்தது.

விமானத்தில் ஏறியதும் கண் தானாகக் கூரையைத் துழாவியது.

"என்னண்ணே தேடுறீங்க?"

"கொக்கி மாட்ட எடம் பாக்குறன்."

"நான்தாண்ணே கொக்கி."

பதினெட்டு வருடம் வளைகுடாவில் கட்டடச் சாரத்தில் வேலை. ஒரு கை வேலை செய்தால் மறு கை கம்பியில் இருக்கும். கேம்ப்பில் மேல்கட்டிலில் தூங்கும்போதும் ஒரு கை கம்பியில்தான்.

இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட விழவில்லை. அதைப் பாராட்டித்தான் கம்பெனி இந்தப் பரிசைக் கொடுத்தது.

விமானத்திலிருந்து ஒருமுறை விழலாம்.

கேம்ப்பே சிரித்தது. பயமாக இருந்தால் மிக்சி வாங்கிக்கொள் என்றார் மேனேஜர். மிக்சி வேண்டாம் என்றுவிட்டான்.

பதினெட்டு வருடமும் உயரத்தில்தான் நின்றான். கண் எப்போதும் கையில். உயரத்தை இன்னும் பார்த்ததில்லை.

விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. இது இரண்டாவது. இதிலும் குதிக்காவிட்டால் அப்படியே கீழே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கீழே அறைக்கூட்டாளி அய்யாக்கண்ணு நிற்கிறான். "ஏறுன வண்டியிலயே எறங்கி வந்துடு மாமா, புரோட்டா வாங்கி வைக்கிறன்" என்று சொல்லி அனுப்பியவன்.

விடு, என்றான் கையிடம்.

கை கேட்கவில்லை.

கிளாடிஸ் காதோரம் கத்தினாள்.

"ஊருச் சாமியக் கும்பிட்டுக்கங்கண்ணே."

அதுவும் சரிதான். இவ்வளவு பெரிய காரியம், கும்பிடாமல் எப்படி?

இரண்டு கையும் கூடின.

காற்று.

வாய்க்குள் புகுந்து கன்னத்தை உப்பவைத்தது. கத்தினானா சிரித்தானா, அவனுக்கே தெரியவில்லை. விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு மேலே யாரோ சட்டையைப் பிடித்துத் தூக்கியதுபோல் வெடுக்கென்று ஓர் இழுப்பு. குடை விரிந்தது. சத்தமெல்லாம் நின்றுபோயிற்று.

கிளாடிஸ் குடையைத் திருப்பும் இரண்டு வளையங்களை அவன் கையில் கொடுத்தாள்.

வலதை இழுத்தான். அவன் கட்டிய கட்டடங்கள் வந்தன. விரல் உயரம்.

இடதை இழுத்தான். கடல் வந்தது.

மறுபடி வலது. மணலில் எறும்பாக அய்யாக்கண்ணு. கையில் ஏதோ பொட்டலம்.

"போதும்ணே. வளையத்தக் குடுங்க, எறங்கணும்."

கொளஞ்சி இடதை இழுத்தான்.