மூன்றாம் கொட்டகைச் சொந்தக்காரன்

டெல்மர் தன் வண்டிக்குப் பின்னால் நின்று அவசரமாகச் சட்டையை மாற்றினான். ஓபர்மேயர் குடும்பக் கூடலுக்கு எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில்தான் வர வேண்டும். மூன்றாம் கொட்டகையிலிருந்து வறுத்த கோழி வாசனை வந்து மூக்கைத் துளைத்தது.

போன ஞாயிறு அவன் பச்சைக் குடும்பம். அதற்கு முந்தைய ஞாயிறு ஊதா. வண்டியில் ஏழு நிறத்தில் சட்டை வைத்திருந்தான்.

ஜூலை மாதத்தில் இந்த மாவட்டப் பூங்காவில் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு குடும்பம் ஒரே நிறச் சட்டையில் கூண்டோடு வந்து இறங்கும். எந்தக் கொட்டகை யாருக்கு என்று வாசல் பலகையில் பூங்காக்காரர்களே எழுதி வைத்துவிடுவார்கள். நூறு பேர் கூடுகிற இடத்தில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. அப்புறம் என்ன, தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் இன்று டெல்மர் இரண்டு தடவை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். போன வாரம் ஜோடி என்கிற பூங்காக் காவல்காரி அவனைக் கையும் கோழிக்காலுமாகப் பிடித்திருந்தாள்.

“இதுதான் கடைசி, டெல்மர். இன்னொரு தடவை மாட்டினீங்க, இந்த வருஷம் பூரா பூங்காவுக்குள்ள கால் வைக்க முடியாது. ஏரி, படகு, தூண்டில் எல்லாத்துக்கும் டாட்டா!”

மனைவி விட்டுப் போன பிறகு அவனுக்கென்று இருந்தது அந்த ஏரியும் ஒரு பழைய படகும்தான். அதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் பாழாய்ப்போன நாக்கு கேட்கவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்து இரண்டு கோழித்துண்டு, ஒரு சோளக்கதிர், ஒரு குன்று உருளைக்கிழங்கு சாலட் என்று தட்டை நிரப்பினான். பக்கத்து மேஜையில் அந்தக் குடும்பத்துக்கே பெரியவளான லவோன் அத்தை பட்டியலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது, ஆனால் குரல் மட்டும் ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்கும்.

“எல்லாரும் ஆச்சு. என் தம்பி ஹார்லன் பையன் ஒருத்தன்தான் பாக்கி. சண்டை போட்டுட்டு அலாஸ்காவுக்கு ஓடின மனுஷன், பிள்ளைக்கு என்ன பேர் வச்சான்னுகூடச் சொல்லல. நான் எங்கன்னு போய்த் தேடறது?”

யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறாள் போலிருக்கிறது என்று டெல்மர் நினைத்துக்கொண்டான். நிமிர்ந்தால், புல்வெளியைத் தாண்டி ஜோடி விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள். கண்கள் நேராக இவன் தட்டின் மேல்.

ஓடினாலும் மாட்டுவான், நின்றாலும் மாட்டுவான். தட்டைக் கீழே வைக்காமலே கத்தினான்.

“அத்தை! நான்தான் ஹார்லன் பையன். டெல்மர்!”

லவோன் அத்தையின் கையிலிருந்து பேனா விழுந்தது. அடுத்த நொடி அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுத அழுகையில் சாலட் எல்லாம் ஆரஞ்சு சட்டையில் அப்பிக்கொண்டது.

ஜோடி மூச்சு வாங்க வந்து நின்றாள். “மன்னிக்கணும் அம்மா. இவர் நிஜமாவே உங்க ஆளுதானா?”

“என்ன கேள்வி கேக்கற நீ? எங்க ரத்தம்! அந்த மூக்கைப் பாரு, அப்படியே எங்க ஹார்லன்!”

ஜோடி அந்த மூக்கை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். அதில் விசேஷமாக எதுவும் இல்லை.

“நீயும் உக்காரும்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ,” என்று அத்தை அவளையும் டெல்மருக்கு எதிரில் பிடித்து உட்கார்த்தி வைத்தாள். டெல்மருக்குத் தலைகால் புரியவில்லை. இனி கவலையில்லை, ஏரி தப்பியது. ஜோடியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு இரண்டாவது கோழித்துண்டைக் கடித்தான்.

மேப்பிள் மரத்தடியில் முகம் வீங்கிப்போய் ஒருவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அத்தையின் மகன் வென்டெல். அவன் எலுமிச்சை ஜூஸுக்குக் கை நீட்ட, “போதும்டா, டாக்டர் என்ன சொன்னார்?” என்று அத்தை இங்கிருந்தே அதட்டினாள். அப்புறம் டெல்மர் பக்கம் திரும்பினாள்.

“கண்ணு, உனக்குச் சர்க்கரை கிர்க்கரை உண்டா?”

“சேச்சே!”

“பிரஷரு?”

“எனக்கா? ஐம்பத்திரண்டு வயசுல ஒரு மாத்திரை தொட்டதில்ல அத்தை. தினமும் ஏரியைச் சுத்தி ரெண்டு மணி நேரம் துடுப்புப் போடறேன். ராஜா மாதிரி இருக்கேன்!”

“குடி, சிகரெட்?”

“மூச்!”

டெல்மர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். கொட்டகையில் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். யாரோ ஒரு பெண் விசும்பினாள். ஒரு தடியன் எழுந்து வந்து பின்னாலிருந்து டெல்மரின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

இவ்வளவு பாசத்தை டெல்மர் எந்த நிறத்துக் குடும்பத்திலும் பார்த்ததில்லை. அவனுக்கே கண் கலங்கிவிட்டது. கோழியை மென்றபடியே எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினான்.

மற்ற பெயரெல்லாம் அடிக்கப்பட்டிருந்த பட்டியலில், லவோன் அத்தை கடைசி வரிக்கு நேராக டிக் அடித்தாள். பிறகு மேப்பிள் மரத்தடியைப் பார்த்து, ஏரிக்கு அந்தக் கரைவரை கேட்கும்படி கத்தினாள்.

“டேய் வென்டெல்! அழாதடா! உனக்குக் கிட்னி வந்தாச்சு!”