சகலையின் சாண்டர்

சகலை புது சாண்டர் வாங்கிய நாளிலிருந்து தச்சருக்கு வயிறு எரிந்தது. மரம் தேய்க்கிற மெஷின்தான். ஆனால் அதிராமல் ஓடியது, தூளைத் தானே உறிஞ்சிக்கொண்டது.

"உன் தங்கச்சி புருஷனுக்கு வந்த வாழ்வப் பாத்தியா?" என்று மனைவியிடம் பொருமினார்.

"உங்க மெஷினுக்கு என்ன கொறச்சல்?"

அது அவர் காதில் ஏறவில்லை. பழைய மெஷின்கள் வாங்கி விற்கும் கடையில் தன்னுடையதைத் தள்ளிவிட்டு, அங்கேயே இருந்த, சகலையிடம் பார்த்த அதே மாடலைத் தூக்கி வந்தார். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் உப்புத்தாளை ஒட்டினால், தூள் போகிற ஓட்டை தாளில் ஓரிடம், மெஷினில் வேறிடம். தூள் உள்ளே போகாமல் முகத்தில் அடித்தது. அலமாரி நிறைய அடுக்கியிருந்த தாள்களில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை.

கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சகலையின் பட்டறைக்குப் போனார்.

"சகல, உன் மெஷினுக்குப் போடுற தாள் கொஞ்சம் குடேன்."

"அந்த மெஷினப் போன வாரமே கடையில போட்டுட்டேன்ணே."

"ஏன், நல்லாத்தானே ஓடுச்சு?"

"என்ன தேய்ச்சாலும் உங்க வேலையில இருக்கற வழவழப்பு வரல. உங்க மெஷின் மேல எனக்கு எப்பவுமே ஒரு கண்ணு." சகலை கூச்சத்தோடு மேஜை மேலிருந்த துணியை விலக்கினார். "நேத்து அதே கடையில இது இருந்துச்சு. விடுவேனா?"

தச்சரின் பழைய மெஷின் துடைத்துப் பளபளப்பாக உட்கார்ந்திருந்தது.

"உங்க அலமாரியில இருக்கற தாளெல்லாம் இனிமே உங்களுக்கு எதுக்குண்ணே? எனக்குக் குடுத்துடுங்களேன்."